பத்து மில்லி வண்ணத்துப்பூச்சி

அத்தியாயம் ஐந்து

லென் டக்வெல்லைத் தூக்கில் போட இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் இருந்தது.

தூக்கு என்றால் கயிறு இல்லை. எங்கள் ஊர் கோல்ட் கோஸ்டில் அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு நீள மேசைக்குப் பின்னால் உட்காரும். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் இருக்கும். 'கடமையில் அலட்சியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும். மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். முப்பத்தைந்து வருடம் கண்ணாடி உலைக்கு முன்னால் நின்ற மனிதர், அதற்குப் பிறகு 'அந்தப் பொண்ணோட கண்ணைப் பறிச்சவன்' என்ற பெயரோடு மீன் பிடிக்கப் போகலாம்.

நடந்தது இது. பிப்ரவரியில் ஒரு காலை, கடற்கரையோரம் நிற்கும் 'இம்பீரியல் டைட்ஸ்' அடுக்குமாடியில் (நாற்பது மாடி, வாசலில் எதையும் தாங்காத கிரேக்கத் தூண்கள் நான்கு) ஒன்பதாவது மாடி பால்கனிக் கண்ணாடி ஒன்று யாரும் தொடாமலே வெடித்தது. கீழே நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த லோசாவுக்கு இடது கண் போயிற்று. கண்ணாடி நிபுணர் டாக்டர் பெரிக்ரின் ஃபாக்ஸ்டன் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் அறிக்கை எழுதினார். சாரம் ஒரு வரி: தப்பு லென்னுடையது.

லென்னே எங்களைக் கூப்பிட்டார். எங்களை என்றால் மெர்ல் பிகாட்டையும் என்னையும். மெர்ல் இருபத்தேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஜனங்களுக்கு 'கிடையாது' என்று கடிதம் எழுதியவள். அந்தப் பாவத்தைக் கழுவ இப்போது துப்பறிகிறாள். நான் டெஸ். முன்பு நொறுங்கிய கார்களை இழுத்துப் போகும் லாரி ஓட்டினேன். இப்போது மெர்லின் காரை ஓட்டுகிறேன். அதுவும் கிட்டத்தட்ட நொறுங்கியதுதான்.

"இன்னொரு தடவை சொல்லு டெஸ். நான் மக்குன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லு" என்றாள் மெர்ல், மடியில் இறைச்சி பஃப்பை வைத்துக்கொண்டு.

"நினைக்க வேற செய்யணுமா?"

"ரோட்டைப் பாத்துச் சொல்லு."

"சரி. டஃபன் கண்ணாடின்னா என்ன? சாதாரணக் கண்ணாடியை அறுநூறு டிகிரிக்கு மேல காய்ச்சி, வெளிய இழுத்த கையோட ரெண்டு பக்கமும் காத்தடிச்சுக் குளிர வைக்கிறாங்க. மேல்தோல் முதல்ல இறுகிடுது. உள்ள இருக்கறது மெதுவா ஆறி சுருங்கப் பாக்குது. தோல் விட மாட்டேங்குது. ஆயுசு பூரா உள்ளுக்குள்ள இழுபறி. அந்த இழுபறிதான் பலம். என் முதல் கல்யாணம் மாதிரி."

"அது பலமாவா இருந்துச்சு?"

"உடைஞ்சப்ப பொடிப்பொடியா உடைஞ்சுச்சு. டஃபன் கண்ணாடியும் அப்படித்தான்."

"மேல சொல்லு."

"சில கண்ணாடியில கசகசாவை விடச் சின்னதா ஒரு நிக்கல் கல் மாட்டிக்கும். அது மாசக்கணக்கா உப்பிக்கிட்டே இருக்கும். ஒருநாள் டமார். அதனால பால்கனிக்குப் போற கண்ணாடியை எல்லாம் இன்னொரு அடுப்புல வச்சு மணிக்கணக்குல சூடு காட்டுவாங்க. உடையப்போறது அங்கேயே உடைஞ்சு தொலையட்டும்னு. அந்த அடுப்பு லென்னோடது. ஃபாக்ஸ்டன் என்ன சொல்றாருன்னா, உடைஞ்ச குவியல்ல வண்ணத்துப்பூச்சி கிடைச்சுச்சாம். கல்லால உடைஞ்சா, அந்த எடத்துல மட்டும் ரெண்டு பெரிய துண்டு இறக்கை மாதிரி ஒட்டி நிக்கும். நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. பூச்சி இருந்தா கல் இருந்துச்சு. கல் இருந்தா லென் அடுப்புல வைக்கல. வச்சேன்னு போட்ட கையெழுத்து பொய்."

"வச்சாலும் ஒண்ணு ரெண்டு தப்பிக்கும்னு லென் சொன்னாரே?"

"தப்பிக்கும். தப்பிக்கவே தப்பிக்காதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். நாற்பத்தெட்டுப் பக்கத்தை ரொப்பணும் இல்ல?"

டாக்டர் ஃபாக்ஸ்டனின் அறையில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் பதினொன்று தொங்கின. ஒன்று டென்னிஸுக்கு. தொழிற்சங்க வக்கீல் மன்றாடி வாங்கிய அனுமதி ஒரு மணி நேரம்தான். அதில் முதல் இருபது நிமிடத்தை டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே எடுத்துக்கொண்டார். பிறகு ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். தங்க எழுத்து. பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்கள் கார்டின் பின்பக்கம் வரை போயின.

"வண்ணத்துப்பூச்சி பொய் சொல்லாது, அம்மா" என்றார் டாக்டர்.

மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் உடைந்த கண்ணாடிக் குவியல், கல்லுப்பு மாதிரி. இன்னொன்றில் வண்ணத்துப்பூச்சி.

மெர்ல் அதைக் கையுறையோடு எடுத்தாள். "இதை நீங்க தொட்டுப் பாத்தீங்களா டாக்டர்?"

"படங்கள் அனுப்பியிருந்தாங்க. உயர்தரமான படங்கள்."

"யாரு அனுப்பினா?"

"சைட்ல இருந்து."

"சைட்டுக்குப் பேர் கிடையாதா?"

"அந்த மட்டத்துல நான் பேசறதில்ல."

மெர்ல் குவியலிலிருந்து ஒரு பொடித்துண்டை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். டஃபன் கண்ணாடி எவ்வளவு பொடியாக நொறுங்கினாலும் துண்டின் உயரம் மட்டும் குறைவதில்லை. முழுக் கண்ணாடியின் தடிமன் எதுவோ அதுதான். பொடித்துண்டுக்கு நாலு விரல் தள்ளி வண்ணத்துப்பூச்சியை வைத்தாள். இரண்டுக்கும் மேலே, பாலம் போல, டாக்டரின் விசிட்டிங் கார்டை வைத்தாள்.

"டெஸ், உன் பாக்கெட்ல அந்தக் கண்றாவி மிட்டாய் இருக்குமே, குடு."

ஆரஞ்சு நிற உருண்டை மிட்டாய். கொடுத்தேன். அதைக் கார்டின் நடுவில் வைத்தாள். மிட்டாய் ஒரு கணம் யோசித்தது. பிறகு டாக்டரின் பட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டி, வண்ணத்துப்பூச்சிப் பக்கம் இறங்கி, மேசையிலிருந்து குதித்து அவர் மடியில் விழுந்தது.

"மேசை சாஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

மெர்ல் துண்டுகளை இடம் மாற்றினாள். பொடித்துண்டு இருந்த இடத்தில் பூச்சி. பூச்சி இருந்த இடத்தில் பொடித்துண்டு. மறுபடி கார்டு, மறுபடி மிட்டாய். இந்த முறை அது எதிர்ப்பக்கம் உருண்டது. மறுபடியும் பூச்சியை நோக்கி.

"மேசையும் கட்சி மாறிடுச்சு போலிருக்கு" என்றேன்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து, தடிமன் அளக்கும் கருவியை எடுத்தார். பாலித்தீன் உறை கிழியாமல் புதிதாக இருந்தது. அளந்தார். மறுபடி அளந்தார். பொடித்துண்டு பன்னிரண்டு மில்லிமீட்டர். வண்ணத்துப்பூச்சி பத்து.

"பன்னெண்டு மில்லி கண்ணாடி எப்படிப் பத்து மில்லிக் குஞ்சு பொரிச்சுச்சு டாக்டர்?" என்று கேட்டேன்.

"இது... ஆரம்பகட்ட அறிக்கைதான்."

"அறிக்கை அட்டையில 'இறுதி'ன்னு போட்டிருக்கே. தங்க எழுத்துல."

மெர்ல் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பூச்சியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ரப்பர் போல ஏதோ ஒட்டியிருந்தது. சிலிக்கான் பசை. ஒரு இறக்கையின் ஓரம் மட்டும் வழவழவென்று மழுங்கியிருந்தது, யாரோ உட்கார்ந்து அரம் போட்டுத் தேய்த்த மாதிரி.

"அந்த பால்கனியில பசையே கிடையாது. எல்லாம் போல்ட்" என்றாள் காரில் ஏறியதும். "இது எங்கேயோ ஒட்டி வச்சிருந்த பூச்சி. யாரோ கொண்டுவந்து குவியல்ல போட்டிருக்காங்க. கண்ணாடித் துண்டைப் பசை போட்டு ஒட்டி வைக்கிற பைத்தியக்காரன் யாரு டெஸ்?"

பதில் எங்களுக்குத் தெரிந்த ஒரே கண்ணாடித் தொழிற்சாலையின் டீ அறைச் சுவரில் இருந்தது.

நாளை விசாரணை, தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனாலும் லென்னின் அலமாரியை இன்றே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனபோது அவர் ஒரு அட்டைப்பெட்டியில் காலுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய உருவம். இடது காதின் மேல்பாதி கிடையாது. வேலையில் நடந்த விபத்து என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக வண்ணத்துப்பூச்சிகள், சிலிக்கானால் ஒட்டியவை. சூட்டு அடுப்பில் கண்ணாடி வெடித்தால் பொடியைக் கிளறிப் பூச்சியைத் தேடி எடுத்து ஒட்டுவது உலைக்காரர்களின் பழக்கம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. எண்ணும், அடுப்பில் எவ்வளவு நேரம் தாங்கியது என்பதும். '6. 35 நிமிடம்.' '11. 1 மணி 5 நிமிடம்.' மொத்தம் இருபத்து மூன்று.

"பதினாலு எங்க லென்?" என்றாள் மெர்ல்.

பதினான்காம் சீட்டு இருந்தது. '1 மணி 50 நிமிடம்.' மேலே பூச்சி இல்லை, ஒரு புகைப்படம் இருந்தது. லென்னும், சிரித்த முகமாக இன்னொருவரும்.

"கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு."

"இது யாரு?"

"ரெக்ஸ். ரெக்ஸ் மொய்லன். முப்பத்தோரு வருஷம் என்கூட உலையில நின்னவன். ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டான். இம்பீரியல் டைட்ஸ்ல கண்ணாடி எல்லாம் அவன் பொறுப்பு. அவனோட வழியனுப்பு விழா இது."

ரெக்ஸ் மொய்லனின் பெயர் எங்களுக்குத் தெரியும். விசாரணைக் குழுவுக்கு லென்னை ஆதரித்துக் கடிதம் எழுதிய ஒரே ஆள் அவர். 'லென் நேர்மையானவன். வயதாகிவிட்டது, அவ்வளவுதான்' என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு ஆதரவை என் முதல் மனைவிக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன்.

"கையில என்ன வச்சிருக்கார்?" என்று கேட்டேன். படத்தில் ரெக்ஸ் ஒரு சின்ன மரக்கட்டையைக் கோப்பை போலத் தூக்கிப் பிடித்திருந்தார். கட்டையின் மேல் இருந்தது ஃபிளாஷ் பட்டு வெறும் வெள்ளையாக மின்னியது.

"வாட்சு. கம்பெனி குடுத்தது." லென் காலுறைகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

"இந்தக் கம்பெனியா? வேலையை விட்டுப் போறவனுக்கா? இருக்கறவனுக்கே பால் பவுடர் வாங்கித் தரதில்லைன்னு போன வாரம் புலம்பினீங்க."

லென் நிமிரவில்லை. "நாளைக்குக் காலையில பாக்கலாம் டெஸ். எனக்கு இதை முடிக்கணும்."

வெளியே வந்ததும் சொன்னேன்: "நம்மள வேலைக்கு வச்ச ஆளே நம்மகிட்டப் பொய் சொல்றார்."

"ம்."

"அப்ப அவர்தான் செஞ்சாரா?"

"தன் கழுத்துக்குத் தானே கயிறு பின்னுவாங்களா? வண்டியை எடு."

இம்பீரியல் டைட்ஸில் லிஃப்டுக்குள் வயலின் இசை. எட்டாவது மாடியில் இறங்கி, நடைபாதைக் கண்ணாடித் தடுப்பின் போல்ட்டைப் பார்த்தோம். இரும்பு கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்தே ஆக வேண்டும். டஃபன் கண்ணாடியின் முகத்தில் சுத்தியலால் அடித்தால்கூடத் தாங்கும். துளையின் விளிம்பில் இரும்பு உரசினால், ஒரு நல்ல வெயில் நாளில் விரிந்து கடித்தால், முடிந்தது கதை. எட்டாவது மாடி வளையங்கள் உப்புக் காற்றிலும் வெயிலிலும் பழுத்து, டீ குடித்த பல் நிறத்தில் இருந்தன. பத்தாவது மாடியிலும் அப்படியே.

ஒன்பதாவது மாடியில் எல்லா வளையங்களும் பால் வெள்ளை.

"உடைஞ்ச இடத்துல மட்டும் புதுசுன்னா புரியுது. மாடி பூராவுமா?" என்றேன்.

"ஏன்னா இதுக்கு முன்னாடி மாடி பூராவும் இல்ல" என்றாள் மெர்ல்.

ரெக்ஸின் அறை நீச்சல் குளத்தை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே லோசாவின் இடத்தில் வேறொரு பெண் தண்ணீரில் இலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க!" ரெக்ஸ் எழுந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "லென் விஷயமா என்ன வேணும்னாலும் கேளுங்க. என் அண்ணன் மாதிரி அவன். நைட்டு தூக்கமே இல்ல எனக்கு. டீ குடிப்பீங்கதானே?"

அவருடைய டீ மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. மெர்ல் அதையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, கேட்காமலே, கப்பைத் தூக்கினாள்.

கப்பின் கீழே ஒரு மரக்கட்டை. டாஸ்மேனிய ஓக், நல்ல பாலிஷ், முன்பக்கம் பித்தளைத் தகடு. தகட்டில் '14'. கட்டையின் மேல் டீக் கறைக்கு நடுவே காய்ந்த சிலிக்கான், இரண்டு இறக்கை வடிவத்தில்.

இதுதான் மனிதர்கள். பூச்சியைப் பிய்த்துக் குவியலில் போடத் தெரிந்தது. கட்டையை எறிய மனசு வரவில்லை. நல்ல மரம், கப் வைக்க வாகாக இருக்கிறது.

"இதுல இருந்தது எங்க ரெக்ஸ்?" மெர்ல் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அது... வீடு மாத்தறப்ப எங்கேயோ..."

"டாக்டர் ஃபாக்ஸ்டன் தட்டுல இருக்கு. பத்து மில்லி. அதோட பசை இந்தக் கட்டையோட பொருந்தும். ஒன்பதாவது மாடி வளையம் எல்லாம் கண்ணாடி உடைஞ்சதுக்கு அப்புறம் வாங்கினது. பில் எங்க இருக்குன்னு நான் தேடணுமா, நீங்களே எடுத்துத் தரீங்களா?"

ரெக்ஸ் உட்கார்ந்தான். ஒரு நிமிடத்தில் அந்த முகத்திலிருந்து சிரிப்பு மட்டுமல்ல, வேறு ஏதோ ஒன்றும் கழன்று போயிருந்தது.

"வளையத்துல ஒரு பெட்டி வரல" என்றான். "ஒரே ஒரு பெட்டி. மறுநாள் திறப்பு விழா. ரிப்பன், பேண்டு வாத்தியம், எல்லாம் ரெடி. அடுத்த வாரம் மாட்டிக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரம் வேற வேலை. அப்புறம்... மறந்தே போயிடுச்சுங்க. ஒரு வருஷம் ஒண்ணும் ஆகலியே!"

"ஆனதுக்கு அப்புறம்?"

"லென்னுக்கு அறுபத்தி நாலு. இந்த வருஷம் எப்படியும் வேலையில இருந்து நிக்கப்போறவன். அவனை என்ன செஞ்சிடப் போறாங்க? வயசாச்சுன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். எனக்கு இப்பதான் நல்ல வேலை கிடைச்சிருக்கு. அவன் புரிஞ்சுப்பான். எங்களுக்குள்ள அப்படி."

"எனக்குப் புரியல ரெக்ஸ்."

வாசலில் லென் நின்றுகொண்டிருந்தார். அட்டைப்பெட்டி இன்னும் கையில். எங்கள் பின்னாலேயே அவருடைய வண்டியில் வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"மச்சான்..." ரெக்ஸ் எழுந்தான்.

"உக்காரு." லென் அவனைப் பார்க்கவில்லை. மெர்லிடம் பேசினார். "பதினாலு வெடிச்ச அன்னைக்கு நேரம் முடியறதுக்கு முன்னாடியே இவன் அடுப்புக் கதவைத் திறந்தான். அவசரம், அன்னைக்கும். நான் பிடிச்சுத் தள்ளினேன். இவன் மூஞ்சிக்கு வந்தது என் காதோட போச்சு. இவன் வேலையை விட்டுப் போறப்ப அந்தப் பூச்சியைத்தான் குடுத்தேன். பேத்தி கையில எடுத்து விளையாடுவா, கிழிச்சிடும்னு சொன்னான். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து ஓரத்தைத் தேச்சேன்."

மழுங்கிய இறக்கை.

"அப்ப ஃபாக்ஸ்டன் அறிக்கையில படத்தைப் பாத்தப்பவே..." என்றாள் மெர்ல்.

"பாத்தவுடனே தெரியும். என் கையால தேச்ச ஓரம் எனக்குத் தெரியாதா?"

"ஆறு வாரமா வாயைத் திறக்கல. அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க லென்?"

"கண்டுபிடிக்க இல்ல." லென் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இவன் மேசையில இருந்து யாரோ திருடிட்டாங்கன்னு நீங்க வந்து சொல்வீங்கன்னு கூப்பிட்டேன். இன்னைக்கு டீ அறையில போட்டோவைப் பாத்துட்டு, கண்டுபிடிச்சிடப் போறீங்கன்னு பயந்து பொய் சொன்னேன். அப்புறம் எனக்கே தாங்கல. வந்தேன்."

எப்போதும் எனக்கு இந்த இடத்தில் ஒரு நக்கல் வரும். வரவில்லை.

"மச்சான், நாளைக்கு நீ ஒண்ணும் சொல்லலைன்னா..." ரெக்ஸின் குரல் உடைந்தது. "நான் உனக்கு என்ன வேணும்னாலும் செய்றேன். சத்தியமா."

லென் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குளத்தில் அந்தப் பெண் இலை அள்ளுவதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி ஒன்பதாவது மாடியைப் பார்த்தாள். பிறகு இரண்டடி தள்ளி நின்று மறுபடி அள்ளினாள்.

"லோசாவை ஆஸ்பத்திரியில நாலு தடவை பாத்தேன்" என்றார் லென். "மன்னிப்புக் கேட்டேன். நீ ஒரு தடவையாவது போனியா?"

லென் மேசையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து, டீக் கறையைச் சட்டையில் துடைத்து, மெர்லிடம் கொடுத்தார். "நாளைக்கு இதையும் கொண்டுவாங்க."

மறுநாள் விசாரணையில் லென் நான்கு நிமிடம் பேசினார். டாக்டர் ஃபாக்ஸ்டன் திருத்திய அறிக்கையைத் தாக்கல் செய்தார். மூன்று பக்கம், தங்க எழுத்து இல்லை. 'கடமையில் அலட்சியம்' என்ற வார்த்தைகள் எழுதப்பட்டன. பெயர் மட்டும் வேறு. ரெக்ஸ் தலை குனிந்தே இருந்தான். லென்னும்தான்.

மதியம் அலமாரிச் சாவியை வாங்கிக்கொள்ள லென்னோடு தொழிற்சாலைக்குப் போனோம். நேற்று காலி செய்யச் சொன்ன மேனேஜர் இன்று கேக்கோடு நின்றார். "எங்களுக்கு எப்பவுமே உங்க மேல நம்பிக்கை இருந்துச்சு லென்" என்று ஆரம்பித்தார். லென் அவரைத் தாண்டி டீ அறைக்குள் போனார். கேக்கை நான் வாங்கிக்கொண்டேன்.

பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். புகைப்படத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. காலுறைப் பெட்டியின் அடியில் முகம் கீழே இருக்கும்படி வைத்தார். பதினான்காம் இடம் வெறுமையாக இருந்தது.

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டில் தாங்கிய நேரத்தை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் மெதுவாக, அடுப்புக் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில் எழுதினார்.

'31 வருடம்.'